முதலைக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ்

கொட்டாவி விடுவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் பெண் இந்த உலகத்தில் சின்னு ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

கேலிக்குச் சொல்லவில்லை. அவள் வேலை பார்க்கும் சிகிச்சை மையத்தின் இரண்டாம் மாடியில், நடு அறையில், ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு நீல நிறப் பை கிடக்கும். கெட்டியான ரப்பர்த் துணி. ஜிப்பைத் திறந்து உள்ளே படுத்தால், வெளியிலிருக்கும் இயந்திரம் காற்றை ஊதி ஊதி உள்ளே அழுத்தத்தைக் கூட்டும். தண்ணீருக்கடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போனால் உடம்பு எவ்வளவு அழுத்தத்தை உணருமோ, ஏறக்குறைய அவ்வளவு. வாய் மூக்கு தெரிகிற பிளாஸ்டிக் முகமூடி வழியாக ஆக்சிஜன் வரும். ஒரு மணி நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். 'மிதமான உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை' என்று சுவரில் பலகை மாட்டியிருந்தார்கள். அவ்வளவு நீளப் பெயரை வாய் வலிக்க யார் சொல்வது? உடம்பு அசதிக்காக வந்த லாரி டிரைவர் ஒருவர் அந்த ஜிப்பின் பல்வரிசையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, முதலை வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்குற மாதிரி இருக்கு?" என்றார். அன்றிலிருந்து அது முதலைதான். "முதலைக்குள்ள யாரு?" என்று டாக்டரே கேட்பார்.

முதலைக்குள் போகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடம்தான் பாடு. அழுத்தம் ஏற ஏறக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால், தாடையை அசைத்தால், கொட்டாவி விட்டால் 'டப்'பென்று திறந்துகொள்ளும். சொல்வது சுலபம். புதிதாக வருகிறவர்களுக்குப் பயத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; எச்சிலுக்கு எங்கே போவார்கள்? கொட்டாவியோ, கைதட்டிக் கூப்பிட்டால் வந்து நிற்க அது என்ன டாக்ஸியா?

இதற்குச் சின்னு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலையின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன்னால் மண்டியிட்டு, உள்ளே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, அவளே ஒரு கொட்டாவி விடுவாள். அரைகுறைக் கொட்டாவி இல்லை. தாடை பிரிந்து, கண் சுருங்கி, அடிவயிற்றிலிருந்து வரும் அசல் கொட்டாவி. அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு கிடக்க மனிதப் பிறவியால் முடியாது. உள்ளே இருப்பவர் 'ஆ'வென்று வாயைத் திறப்பார், காதும் திறக்கும்.

இரண்டு வருடப் பழக்கம் என்ன செய்துவிட்டதென்றால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகத்தைப் பார்த்தால் போதும், அவளுக்குத் தானாகவே கொட்டாவி வந்தது. பேங்க் கவுன்டரில் வந்தது. பஸ் ஜன்னலைப் பார்த்து வந்தது. எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற சேல்ஸ்மேன் இவளால் ஒரு நாளைக்கு ஆறு தடவை கொட்டாவி விட்டார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். பிசியோவின் வீட்டில் நடந்தது அப்படியில்லை.

பிசியோ என்றால் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முட்டிக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுப்பவன். மாலை டீயில் ஆரம்பித்த பழக்கம் காதலாகி, காதல் கல்யாணப் பேச்சாகி, போன மாதம் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவனுடைய அம்மா ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளையை வராந்தாவில் நிற்க வைத்தவர். அவர் கொட்டாவி விட்டு அவருடைய கணவரே பார்த்ததில்லை என்பார்கள்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படிப்பைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். சமையல் தெரியுமா என்று கேட்டார், சுமார்தான் என்று உண்மையைச் சொன்னாள். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஹெட்மிஸ்ட்ரஸ் பால்கனிக்குப் போய், வெளிச் சத்தம் உள்ளே வராமல் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினார். உதவிக்குப் போகலாமென்று சின்னு எழுந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். இந்தப் பக்கம் இவள்.

வந்துவிட்டது. கையைக் கொண்டு மறைக்கக்கூட நேரமில்லை. ஒன்று போய் இரண்டாவதும் வந்தது. சோபாவிலிருந்த பிசியோவின் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்று விட்டார். பிசியோ ஒன்று விட்டான். வீட்டில் விடாதவர் ஒருவர்தான்.

"என்கூட அரை மணி நேரம் பேசறதுக்கே இவ்வளவு அலுப்பா இருக்கிற பொண்ணு, ஆயுசு முழுக்க இந்த வீட்டுல எப்படி இருப்பா?" என்று அன்றிரவு மகனிடம் கேட்டாராம்.

"அம்மா, அது அவ வேலைம்மா. பழக்க தோஷம்."

"முப்பத்திரண்டு வருஷமா சாக்கு கேட்டவடா நான். உயிரோட இருந்த தாத்தாவை மூணு தடவை சாகடிச்சு லீவு எடுத்தவன்கூட இதைவிடப் பொருத்தமா சொன்னான்."

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா சம்மதிக்காமல் கல்யாணமில்லை என்று பிசியோ சொல்லவில்லை. சின்னுதான் சொன்னாள். "உங்க அம்மா மனசுல நான் ஒரு திமிர் பிடிச்சவளா இருக்கிற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். எனக்கு ரோஷம் இருக்கு."

தெய்வம் ஒரு கதவை மூடினால் இன்னொரு ஜிப்பைத் திறக்கும் போலிருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மூன்று மாதம் முன்னால் வந்த காய்ச்சல் போயும், அசதி மட்டும் போகாமல் உடம்பில் உட்கார்ந்திருந்தது. மாடி டாக்டர் காது, நெஞ்சு எல்லாம் பரிசோதித்துவிட்டு, "பத்து தடவை முதலைக்குள்ள போய்ப் பாருங்களேன். கேட்டா சரி, கேக்கலைன்னாலும் நஷ்டமில்ல" என்று எழுதிக் கொடுத்தார். முதலையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் உண்டு. இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

"கடவுளே" என்றான் பிசியோ, படிக்கட்டில். "ஏய், ஒரு சத்தியம் பண்ணு. அம்மா முன்னாடி வாயைத் தொறக்கக் கூடாது."

"பேசக் கூடாதா?"

"பேசு. தொறக்காத."

சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

முதல் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். கஞ்சி மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, படிய வாரி முடிந்த கொண்டை. சின்னுவைப் பார்த்ததும் புருவம் அரை அங்குலம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

"வாட்ச், செயின், கொண்டை ஊசி, போன் எல்லாத்தையும் இந்த ட்ரேல வச்சிடுங்க மேடம்" என்றாள் சின்னு. பிறகு மூக்கைச் சுருக்கினாள். "தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?"

"வைக்காம நான் வாசப்படி தாண்டினதில்ல."

"அப்போ இன்னைக்கு முடியாது மேடம். ஆக்சிஜன் ஓடுற இடத்துல எண்ணெய் ஆகாது, தீப்பிடிச்சுக்கும். நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க."

வாழ்நாளில் யார் யாரையோ வெளியே அனுப்பியவரை முதல் தடவையாக ஒருத்தி வெளியே அனுப்பியிருக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஊசிகளைத் திரும்பச் செருகிக்கொண்டு கிளம்பிப் போனார்.

பிசியோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். "ஒரு சொட்டு எண்ணெய்க்காக என் வாழ்க்கையைத் திருப்பி அனுப்பிட்டியே!"

"ஒரு சொட்டுன்னாலும் எண்ணெய் எண்ணெய்தான். நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து என் தலையில ஒரு சொட்டு வச்சதில்ல. உங்க அம்மாவுக்காகச் சட்டத்தை மாத்த முடியுமா?"

"மாத்தாத. நீ கட்டிக்கப்போறது சட்டத்தை, என்னை இல்ல" என்று புலம்பிக்கொண்டே இறங்கிப் போனான்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்றார். தலைக்குக் குளித்து, முடி பறந்துகொண்டிருந்தது. அதில் பத்து வயது குறைந்து தெரிந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் பதினோரு கேள்விகள், எண் போட்டு.

"மூச்சு முட்டுமா?"

"முட்டாது. காத்து உள்ள போய்க்கிட்டும் வெளிய வந்துக்கிட்டும் இருக்கும்."

"சூடு?"

"அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். இறங்கும்போது சில்லுன்னு ஆகும். சத்தம் இருக்கும், ஃபேன் பெருசா ஓடுற மாதிரி."

"நடுவுல வெளிய வரணும்னா?"

"மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, இறக்கிடுவேன். உள்ளயும் ஒரு வால்வு இருக்கு, நீங்களே திருகலாம். ஆனா அவசரமா இறக்கினா காதுக்கு நல்லதில்ல. அதனால என்கிட்ட சொல்றது உத்தமம்."

ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கேள்வியில் பேனாவை நிறுத்தினார். "இதுல எனக்கு குணமாகுமா?"

"தெரியாது மேடம்."

"தெரியாதா?"

"சில பேர் நல்லா தூங்கினோம்கிறாங்க. சில பேர் போனதும் தெரியல, வந்ததும் தெரியலங்கிறாங்க. உங்களுக்கு எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆகும்னு சொன்னா அது பொய்."

ஹெட்மிஸ்ட்ரஸ் அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கேள்விக்கும் ஒரு டிக் போட்டார்.

உள்ளே படுத்தார். முகமூடி மாட்டினாள். ஜிப்பை இழுத்து, மேலே பட்டைகளைப் போட்டு இறுக்கினாள். இயந்திரம் உறுமியது. தொளதொளவென்று கிடந்த முதலை விறைத்துக்கொண்டு எழுந்தது. சின்னு வட்டக் கண்ணாடி முன் மண்டியிட்டாள். அங்கே அந்த முகம், ஒரு முழம் தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால்.

அவள் வாயில் முன்னேற்பாடாக ஒரு மிட்டாயை அடக்கியிருந்தாள். பல்லைக் கடித்தாள். உள்ளங்கையில் நகத்தை அழுத்தினாள். தாடையின் இரு பக்கமும் கொட்டாவி வந்து கதவைத் தட்டியது, திறக்கவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸின் கை இடது காதுக்குப் போயிற்று.

"வலிக்குதா மேடம்?" மைக்கில் கேட்டாள்.

"இல்ல."

"மேடம், பொய் சொல்லக் கூடாது."

"கொஞ்சம்."

அழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் இறக்கினாள். "எச்சில் முழுங்குங்க." முழுங்க எச்சில் இல்லை. "தாடையை இப்படி அப்படி ஆட்டுங்க." ஆட்டினார், காது அசையவில்லை. "ஒரு கொட்டாவி விடுங்களேன்."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"அப்போ இன்னைக்கு இதோட போதும். இறக்கிடறேன்."

"பாதியில எழுந்து போற பழக்கமும் எனக்கில்ல."

சின்னு நிமிர்ந்தாள். அறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் பிசியோ நின்றுகொண்டிருந்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்று புரிந்துபோய், கூடாது கூடாது என்று தலையை ஆட்டினான். இரண்டு கையையும் கூப்பினான்.

அவள் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். வலியைக் காட்டக் கூடாதென்று பிடிவாதமாக அசையாமல் வைத்திருந்த அந்த முகத்தில், கண்ணோரம் மட்டும் சுருங்கியிருந்தது. இப்போது தன் வாய் திறந்தால் அந்த வீட்டுக் கதவு மூடிவிடும். திறக்காவிட்டால் இந்தக் காது மூடியே கிடக்கும். காது யாருடையது? மாமியாருடையதா? இல்லை, இந்த அறைக்குள் வந்த ஒருவருடையது. சத்தியமாவது, மண்ணாங்கட்டியாவது. மிட்டாயைத் துப்பினாள்.

அன்று விட்டது மாதிரி ஒரு கொட்டாவியைச் சின்னு அதற்கு முன்பும் விட்டதில்லை, பின்பும் விட்டதில்லை. இரண்டு நாளாக அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து, அணை உடைந்த மாதிரி வந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸின் கண் சிவந்தது. பால்கனியில் பார்த்த அதே வாய். வகுப்பாக இருந்திருந்தால் இந்நேரம் அவள் வராந்தாவில் நின்றிருப்பாள்.

சின்னு விடவில்லை. இரண்டாவது.

உதடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. மூக்கு விடைத்தது. மோவாய் நடுங்கியது. முப்பத்திரண்டு வருடக் கட்டுப்பாடு ஒரு பக்கம், மனித சுபாவம் ஒரு பக்கம் நின்று கயிறு இழுத்தன. கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது மெல்லப் பின்னால் சாய்ந்தது. தோள் ஏறியது, நின்றது, இறங்கியது.

மைக்கில் ஒரு குரல் கரகரத்தது. "தொறந்துடுச்சு."

கதவுக் கண்ணாடியில் கூப்பிய கையோடு நின்ற பிசியோவும் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

மீதி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. அழுத்தம் முழுதாக ஏறிய கொஞ்ச நேரத்தில் மைக்கிலிருந்து சீரான, தாளம் தப்பாத, ஒழுக்கமான ஒரு குறட்டை வந்தது. சின்னு சத்தத்தைக் குறைத்து வைத்தாள். அதையெல்லாம் மகன் கேட்க வேண்டியதில்லை.

வெளியே வந்து, முடியை முடிந்து, ஊசிகளை எண்ணிச் செருகிக்கொண்டார். கதவருகே நின்றார். "அன்னைக்கு எங்க வீட்டுப் பால்கனியில..."

"ஆமா மேடம்."

"ம்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த 'ம்' மேல் பிசியோவும் சின்னுவும் இரண்டு டீ குடித்து ஆராய்ச்சி செய்தார்கள். "எங்க அம்மாவோட 'ம்'ல ஏழு ரகம் இருக்கு" என்றான் அவன். "இது எந்த ரகம்னு எனக்குத் தெரியல. புதுசு."

மூன்று நாள் அப்படியே போயிற்று. வருவார், படுப்பார், இரண்டாவது கொட்டாவியில் முகத்தைத் திருப்புவார், தூங்குவார், போவார். ஐந்தாம் நாள் போகவில்லை. வெளியே நாற்காலியைக் கதவுக்கு எதிராகப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த முறை லாரி டிரைவருடையது. ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது டீச்சரின் வகுப்பை மேற்பார்வை பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தார். மறுநாளும் உட்கார்ந்தார். ஒரு கல்லூரிப் பெண், பிறகு மெலிந்த ஒரு பேங்க்காரர், திரும்ப லாரி டிரைவர். எல்லோருக்கும் அதே வட்டக் கண்ணாடி, அதே மண்டியிடல், அதே அடிவயிற்றுக் கொட்டாவி. காத்திருந்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் என்ன நடந்ததென்று முந்தானைக்குத்தான் தெரியும்.

"அந்த லாரிக்காரருக்கு நாலு தடவை விட்டே" என்றார் ஒன்பதாம் நாள், ஊசிகளைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு ரெண்டுதான்."

"உங்களுக்கு ரெண்டே போதும் மேடம். நீங்க சீக்கிரம் கத்துக்கறீங்க."

பின்னால் காத்திருந்த லாரி டிரைவர் சும்மா இருக்கவில்லை. "நாங்கல்லாம் மக்குப் பசங்கம்மா. கடைசி பெஞ்சு."

ஹெட்மிஸ்ட்ரஸின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

பத்தாவது நாள் டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். "அசதி எப்படி இருக்கு?"

"தேவலை. ராத்திரி தூக்கம் வருது. அது உங்க முதலையாலயா, தினமும் ரெண்டு மாடி ஏறி இறங்கினதாலயான்னு கேட்டா எனக்குத் தெரியாது." ஒரு நொடி நிறுத்திச் சொன்னார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு இங்க ஒரு பொண்ணு இருக்கா. அவகிட்ட கத்துக்கிட்டேன்."

சின்னு குனிந்து முதலையின் பட்டைகளைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே நாலு தடவை துடைத்தாள்.

கீழே காரை நிறுத்திக்கொண்டு கணவர் காத்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு சின்னு வாசல் வரை வந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் கண்ணாடி முழுதாக ஏறியிருந்தது. அதற்குப் பின்னால் அந்த முகம்.

"மூடு, மூடு" என்று பக்கத்தில் பிசியோ பதறினான். அவன் சொல்வதற்கு முன்பே இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், கார் கிளம்பிவிட்டால் போதும்.

கார் கிளம்பவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிதானமாக, கையால் மறைக்காமல், முந்தானையைத் தேடாமல், கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டார். நீளமான, நடுரோட்டுக் கொட்டாவி. ஸ்டீயரிங்கில் இருந்த கணவர் பேய் அறைந்தவர் மாதிரி அதைப் பார்த்தார். பார்த்த பாவத்துக்கு அவரும் ஒன்று விட்டார்.

சின்னுவின் கைகள் தாமாக இறங்கின.

கண்ணாடி பாதி இறங்கியது. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

"சரிங்க அத்தை" என்று வாய் சொல்லிவிட்டது. மேடம் என்றுதான் சொல்ல நினைத்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அதைத் திருத்தவில்லை. அவள் தலையை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு உனக்கு லீவுதானே? எண்ணெய் வச்சுக்கிட்டு வா. முடியைப் பாரு, தேங்காய் நார் மாதிரி."

கார் நகர்ந்து, திருப்பத்தில் மறைந்தது. ஏதாவது பேசலாமென்று பிசியோ பக்கம் திரும்பினாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆச்சரியமா, கொட்டாவியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.